ரோட்டர் பிளேடு கழற்றும் வேலை: எங்கே பிடிப்பது, யார் குரல் கொடுப்பது, அடிபட்டால் என்ன செய்வது?

லயத்துப்பையன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். விமானப் பராமரிப்பில் டிப்ளோமா முடித்துவிட்டு இப்போது சுபாங்கில் ஒரு ஹேங்கரில் பயிற்சியில் இருக்கிறேன். அடுத்த வாரம் ஓர் ஏஎஸ்350 ஹெலிகாப்டரின் மூன்று மெயின் ரோட்டர் பிளேடுகளையும் கழற்றப் போகிறார்கள். என்னையும் கை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ரோட்டர் எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் நிறையப் படித்தோம். பிளேடை எப்படித் தூக்குவது, எதன்மேல் வைப்பது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. சீனியரைக் கேட்டால், "நான் காட்டுற இடத்தில் பிடி, போதும்" என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் காரணம் தெரிந்துகொண்டு செய்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

கையுறை போடலாமா? எத்தனை பேர் வேண்டும்? எங்கேயாவது இடித்துவிட்டால் அடுத்து என்ன? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் சிலர் இந்தப் படிப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

சுபாங் வேலு

தம்பி, கேட்டது நல்லது. நான் பி1.3 லைசென்ஸ் வைத்திருப்பவன், டர்பைன் ஹெலிகாப்டர்தான் என் வேலை. உங்கள் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அந்த வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில், முன் விளிம்பு எது, பின் விளிம்பு எது என்று நின்று பார்த்துக்கொள். ஏஎஸ்350-யின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். பெல், ரோபின்சன், சிகோர்ஸ்கி எல்லாம் எதிர்த்திசை. இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஹேங்கரில் பழக்க தோஷத்தில் கை தவறான பக்கம் போய்விடும்.

முன் விளிம்பு தடிப்பானது. மழை, மணல் அரிக்காமல் இருக்க அதன்மேல் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். அதை ஒட்டி உள்ளே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற ஸ்பார்தான் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. பின்பக்கம் அப்படியில்லை. மெல்லிய தோல், உள்ளே வகையைப் பொறுத்து நுரை அல்லது தேன்கூட்டு அறைகள். காற்றைத் தாங்கச் செய்த பகுதி அது, உன் விரல் அழுத்தத்தைத் தாங்க அல்ல. அதனால் பின் விளிம்பை விரலால் கவ்விப் பிடித்துத் தூக்காதே. உள்ளங்கையை விரித்து அடியில் கொடு, எடை ஸ்பார் பக்கம் இருக்கட்டும். பின் விளிம்பில் சின்னத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டு இருந்தால் அது டிரிம் டேப். அளவு கருவி வைத்து வளைத்தது. உன் சட்டைக் கை மாட்டி அது கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தப் பிளேடு மற்ற இரண்டோடு ஒரே தளத்தில் பறக்காது.

எடை உன்னைப் பயமுறுத்தாது. நீளம்தான் சிக்கல். குலை வெட்டும் அரிவாள் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆளை நீ தோட்டத்தில் பார்த்திருப்பாய். அவர் இடுப்பு ஓர் அடி திரும்பினால் கம்பின் நுனி பக்கத்து மரத்தில் போய் நிற்கும். பிளேடும் அதேதான். ஆகவே வேர்ப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், நுனியில் ஒருவர், பிளேடை ரோட்டர் ஹெட்டோடு பிடித்திருக்கும் ஊசியை உருவுபவர் தனி. பேசுவது ஒருவர் மட்டும். அவர் "ஆங்காட்" என்றால் தூக்கு, "தாஹான்" என்றால் அப்படியே நில். ஆனால் "தாஹான்" என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் உண்டு, நேற்று வந்த பயிற்சியாளருக்கும்.

பிளேடைத் தொடுவதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். பேட்டரி கழற்றியாச்சா? காக்பிட்டில் கன்ட்ரோலை அசைக்காதே என்று அட்டை மாட்டியாச்சா? மேலே நீ விரலை விட்டிருக்கும்போது கீழே ஒருவர் சும்மா கலெக்டிவை, அதாவது எல்லாப் பிளேடின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் நெம்புகோலைத் தூக்கினால், பிளேடைத் திருப்பும் பிட்ச் லிங்க் தண்டுப் பக்கம் விரல் நசுங்கும். ரோட்டர் அசையாமல் இருக்கிறதா? ஹேங்கர் கதவு மூடியிருக்கிறதா? பெரிய மின்விசிறி நின்றிருக்கிறதா? பிளேடு காற்றைப் பிடிக்கவே செய்த பொருள், சுபாங்கில் சாயங்கால இடிமழைக்கு முன்னால் வரும் காற்று ஒன்று போதும். வைக்கப்போகும் ஸ்டாண்ட் எங்கே, போகும் வழியில் ஹோஸ், வயர், டூல்பாக்ஸ் ஏதும் இருக்கிறதா என்று கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

ஆலை ஃபிட்டர்

நான் ஹெலிகாப்டர் ஆள் இல்லை, செம்பனை ஆலையில் ஃபிட்டர். ஒரு சந்தேகம். நாங்கள் பிரஸ் ஸ்க்ரூ, கியர் பாக்ஸ் எல்லாம் செயின் பிளாக் போட்டுத்தான் தூக்குவோம். மனுஷன் கை வழுக்கும், முதுகு பிடிக்கும். இவ்வளவு விலை உள்ள பொருளை ஏன் ஆள் வைத்துத் தூக்குகிறீர்கள்? கிரேன் இல்லையா?

சுபாங் வேலு

இருக்கிறது அண்ணே. பெரிய ஹெலிகாப்டர் என்றால் கிரேன் இல்லாமல் முடியாது. அதற்கென்றே செய்த தூக்கும் சாதனமோ அகலமான மெத்தென்ற பட்டையோ போட்டு, மேனுவல் சொல்லும் இடத்தில் மட்டும் கட்டுவோம். நுனியில் கயிறு கட்டி ஒருவர் சுழலாமல் பார்த்துக்கொள்வார். சங்கிலியும் இரும்புக் கொக்கியும் பிளேடு பக்கமே வரக்கூடாது.

ஏஎஸ்350 மாதிரி சின்னதுக்குக் கை நல்லது. ஊசி உருவும்போது பிளேடு அரை மில்லிமீட்டர் மேலே கீழே போக வேண்டியிருக்கும். சரியான உயரத்தில் இருந்தால் ஊசி தானாக வழுக்கி வரும், இல்லையென்றால் இறுகும். அந்த நுணுக்கம் கைக்குத் தெரியும், கிரேனுக்குத் தெரியாது. இறுகிய ஊசியைச் சுத்தியலால் தட்டி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஊசியின் குற்றம் இல்லை, பிளேடைத் தாங்கி நிற்பவரின் உயரம் சரியில்லை என்று அர்த்தம்.

செலாத்தான் டெக்

ரோபின்சன் ஆர்44 பார்க்கிறவர்களுக்கு இது வேறு. அதற்கு இரண்டே பிளேடு, நடுவில் தராசு மாதிரி ஆடும் ஹப். ஒரு பக்கத்துப் பிளேடை எடுத்தவுடன் மறுபக்கம் தன் எடையில் கீழே வரும். கழற்றாத பிளேடையும் ஒருவர் தாங்கி நிற்க வேண்டும் அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். நாலு பேரும் கழற்றும் பக்கமே வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தால் எதிர்ப்பக்கம் வால் பூமில் போய் அடிக்கும்.

நூரி ஓய்வு

நான் மலேசிய விமானப்படையில் நூரியில் வேலை பார்த்தவன். 1968 முதல் 2020 வரை இந்த நாட்டைச் சுமந்த ஹெலிகாப்டர் அது. பின்னாளில் ராணுவமும் சில நூரிகளை எடுத்துக்கொண்டது. ஐந்து பிளேடு, ரோட்டர் வட்டம் கிட்டத்தட்ட 19 மீட்டர். தோட்டத்துப் பிள்ளை பிளேடு வேலைக்குப் போகிறான் என்பதைப் படிக்கவே மனசு நிறைகிறது.

வேலு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கழற்றும் முன்னாலேயே பெயர் எழுதுங்கள். ஏஎஸ்350-யில் பிளேடுகளுக்கு நிறம் உண்டு: சிவப்பு, நீலம், மஞ்சள். சிவப்புப் பிளேடின் ஊசி, வாஷர், பின் எல்லாம் சிவப்பு என்று எழுதிய பையில் போய்விட வேண்டும். "பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு" என்று ஒரே தட்டில் கொட்டக்கூடாது. சில வகைகளில் பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட்டின் உள்ளேயே சமன் செய்யும் எடை வைத்திருப்பார்கள், பெல் 206-இல் அப்படித்தான். போல்ட் இடம் மாறினால் எடையும் இடம் மாறும்.

நூரியின் பிளேடில் ஓர் ஏற்பாடு இருந்தது. அலுமினிய ஸ்பாரின் உள்ளே நைட்ரஜன் அழுத்தி அடைத்திருப்பார்கள். வேர்ப்பக்கம் ஒரு சின்னக் காட்டி இருக்கும். ஸ்பாரில் விரிசல் விட்டால் வாயு கசியும், காட்டியின் நிறம் மாறும். பறக்கும் முன் அந்த ஐந்து காட்டியையும் ஏணி போட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிளேடே சொல்லும்படி செய்திருந்தார்கள். ஆனால் அது ஸ்பாரைப் பற்றி மட்டும்தான் சொல்லும். பின்பக்கத் தோல் பிரிந்திருந்தால் காட்டிக்குத் தெரியாது. நாரும் பசையும் அடுக்கிச் செய்த உங்கள் காம்போசிட் பிளேடில் அந்த வசதியும் கிடையாது. அதில் அடிபட்டதைச் சொல்ல வேண்டியது பக்கத்தில் நின்ற மனுஷன்தான்.

ரெங்கம் ரோடு அக்கா

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம், பள்ளி இறுதித் தேர்வு. அவளும் இதே படிப்புதான் வேண்டும் என்கிறாள். 2024 ஏப்ரலில் லூமுட்டில் இரண்டு கடற்படை ஹெலிகாப்டர் மோதியதை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கீழே நின்று வேலை பார்ப்பவர்களுக்கும் ஆபத்து உண்டா? பெண் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா?

காம்போசிட் கலா

அக்கா, நானே இருக்கிறேன். பிளேடு பழுது பார்க்கும் பிரிவில் வேலை. லூமுட்டில் நடந்தது பயிற்சி அணிவகுப்பில், ஆகாயத்தில் நடந்தது. எங்கள் வேலையில் ஆபத்து வேறு மாதிரி.

உண்மையைச் சொன்னால், பிளேடைவிட ஏணிதான் எனக்குப் பயம். ரோட்டர் ஹெட் ஆள் உயரத்துக்கு மேலே. எஞ்சின் மூடியில் கால் வைத்து, ஒரு கையால் ரோட்டரைத் தாங்கும் மாஸ்ட் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனர் திருப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைப்பிடி உள்ள மேடை போட்டுத்தான் ஏற வேண்டும் என்று மகளுக்குச் சொல்லுங்கள். மேடை வரக் கால் மணி நேரம் ஆகும் என்றால் காத்திருக்கட்டும். எஸ்பிஎம்மில் கணக்கையும் இயற்பியலையும் விட வேண்டாம். டெங்கிலில் இருக்கும் யூனிகேஎல் மியாட் விமானத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் என்ன கேட்கிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள், நானும் கூட வருகிறேன்.

தம்பி, நீ கையுறை கேட்டிருந்தாய். போடு. கைக்குச் சரியாக இருக்கும், உள்ளங்கையில் ரப்பர் பிடி உள்ளதாக எடு. தொளதொள தோல் கையுறை வேண்டாம், பிளேடின் மேற்பரப்பு உன் கைக்குத் தெரிய வேண்டும். முன் விளிம்புத் தகடு தேய்ந்து அதன் ஓரம் எழும்பியிருந்தால் கத்தி போல வெட்டும். இழை உடைந்த இடத்தில் கண்ணாடி நார் தோலுக்குள் ஏறினால் நாலு நாள் அரிக்கும். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாம் லாக்கரில். கோவில் கயிறு கட்டியிருந்தால் அவிழ்க்க மனசு வராது, எனக்குத் தெரியும். அதன்மேல் டேப் சுற்றிச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொள்.

சுத்தம் செய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சியாளர் கையில் முதலில் கொடுக்கும் வேலை அதுதான். மிதமான சோப்பும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். பசை போக்க எம்ஈகே, அசிட்டோன் என்று கண்ட கரைப்பானையும் ஊற்றாதே, தோலை ஒட்டியிருக்கும் பசையையும் அது சாப்பிடும். மோட்டார் சைக்கிள் கழுவும் பிரஷர் ஜெட்டை ஒட்டு விளிம்பில் அடித்தால் தண்ணீர் உள்ளே புகும். நுனியில் வடிகால் துளை இருந்தால் அடைபட்டிருக்கிறதா என்று பார். அப்புறம், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்க ஆசைப்பட்டால் டூல்பாக்ஸில் வை. பிளேடில் எதையும் பூசாதே, ஒட்டாதே.

உள்ளே தோல் பிரிந்திருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்கலாம். நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ லேசாகத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் மொத்தென்று அடங்கிவிடும். ஆர்22, ஆர்44 பிளேடுகளில் நுனிப்பக்கம் தோலும் ஸ்பாரும் ஒட்டிய இடம் பிரிகிறது என்று அமெரிக்க விமான நிர்வாகம் 2011-இல் உத்தரவு போட்டபோது, தட்டிப் பார்க்க 1965-இலோ அதற்குப் பிறகோ வந்த அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தையே குறிப்பிட்டார்கள். தட்டும் பொருளின் எடையும் உலோகமும் மாறினால் சத்தமும் மாறும். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடும்போது இந்த வேலையைச் செய்யாதே. ஹேங்கர் அடங்கும் நேரம் பார்த்துத்தான் நான் செய்வேன்.

செலாத்தான் டெக்

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை வெளிப்படையாகப் பேசுவோம். பிளேடு ஸ்டாண்டில் லேசாகத் தட்டுவது எல்லா ஹேங்கரிலும் நடக்கிறது. ஒவ்வொரு தட்டலையும் போய்ச் சொன்னால் ஹெலிகாப்டர் நின்றுவிடும், வாடிக்கையாளர் கத்துவார், பையனுக்கு "கை நடுங்கி" என்று பெயர் வரும். பெயின்ட் உரியவில்லையா, தட்டினால் சத்தம் நல்லாயிருக்கா, மேலே போக வேண்டியதுதான். நான் நீண்ட காலம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒன்றும் விழவில்லை. தம்பியைத் தேவையில்லாமல் பயமுறுத்தாதீர்கள்.

நூரி ஓய்வு

தம்பி டெக், கோபம் இல்லாமல் படியுங்கள்.

2002 ஜூலை 16, இங்கிலாந்துக்குக் கிழக்கே வட கடலில் எஸ்-76 ஹெலிகாப்டர் ஒன்று எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும்போது விழுந்தது. 11 பேரும் போய்விட்டார்கள். மெயின் ரோட்டர் பிளேடு ஒன்று நடுவானில் முறிந்தது. பிரிட்டிஷ் விசாரணைக் குழு தேடிப் போனபோது, அந்தப் பிளேடு 1999-இல் வேறொரு ஹெலிகாப்டரில் இருந்ததும், அப்போது மின்னல் தாக்கியதும் தெரிந்தது. யாரும் மறைக்கவில்லை. தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பிச் சோதித்து, நல்லது என்று திரும்பி வந்து மாட்டியிருக்கிறார்கள். ஆனால் தயாரிப்பிலேயே இருந்த ஒரு சின்னக் குறையும் மின்னல் சுட்ட இடமும் தகட்டுக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்து, டைட்டானியம் ஸ்பாரில் விரிசல் வளர ஆரம்பித்துவிட்டது.

சொல்லியும், அனுப்பியும், தயாரித்தவர்களே பார்த்தும் அது கண்ணுக்குப் படவில்லை. ஹேங்கர் வெளிச்சத்தில் நின்று "பெயின்ட் உரியலை" என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியுமா? அவர்களுக்காவது பதிவு இருந்தது, அதனால்தான் விசாரணை அந்த மின்னல் வரை போய்ச் சேர்ந்தது. சொல்லாமல் விட்ட அடிக்கு அதுவும் கிடையாது.

காம்போசிட் கலா

ஐயா சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. ரோட்டர் நிமிடத்துக்கு 400 சுற்று, ஆரம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியின் வேகம் மணிக்கு 750 கிலோமீட்டர் வரும். அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏறக்குறைய 900 மடங்கு விசையோடு வெளியே இழுக்கும். 10 கிராம் தண்ணீர் நுனிக்குள் புகுந்தால் அது 9 கிலோவாக இழுக்கும். ஒரு சின்ன விரிசல் வழியாக 10 கிராம் தண்ணீர் போக நம் ஊர் மழைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

காம்போசிட்டின் குணம் வேறு. அலுமினியத்தில் அடித்தால் குழி விழும், காட்டிக்கொடுத்துவிடும். காம்போசிட் தோல் அடி வாங்கிக்கொண்டு பழையபடி நிமிர்ந்து நிற்கும். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும், வெளியே தெரியும் தடத்தைவிடப் பெரிய அளவில். நான் வெட்டித் திறந்து பார்க்கிறவள், இதைக் கண்ணால் பார்க்கிறேன்.

சுபாங் வேலு

டெக் சொன்னதில் ஒரு பயம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் ஹெலிகாப்டர் நின்றுவிடும் என்பது பெரும்பாலும் அப்படி இல்லை. மேனுவலில் பிளேடைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். இந்தப் பகுதியில் இவ்வளவு ஆழம், இவ்வளவு நீளம் வரை கீறல் இருக்கலாம், இதில் இருந்தால் தேய்த்துச் சரி செய்யலாம், இதில் இருந்தால் பிளேடைக் கழற்றி அனுப்பு என்று வரைபடமே இருக்கும். அடிபட்ட இடம் எந்தப் பகுதி, அளவு என்ன என்று எடுத்தால், பல நேரம் "அளவுக்குள் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அன்றைக்கே பறக்கும்.

ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் லைசென்ஸ் உள்ளவர், கையில் மேனுவலை வைத்துக்கொண்டு. பயிற்சியாளரும் கூடாது, அனுபவசாலியான டெக்கும் கூடாது. நானே கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லக்கூடாது. பயிற்சியாளரின் வேலை இரண்டே: சொல்வது, சொன்னது பணி அட்டையில் எழுதப்பட்டதா என்று பார்ப்பது.

"கை நடுங்கி" என்று பெயர் வைக்கும் ஹேங்கரில் அடுத்த பையன் வாயைத் திறக்க மாட்டான். அது அந்த மேலாளர் தன் கையால் தேடிக்கொள்ளும் ஆபத்து. என் ஷிஃப்டில் அடிபட்டதைச் சொன்னவரை எல்லார் முன்னாலும் பாராட்டிவிட்டுத்தான் மேனுவலைத் திறப்பேன்.

செலாத்தான் டெக்

அளவு வரைபடம் எனக்கும் தெரியும். நான் சொன்னது நேரத்தைப் பற்றி. ஆனாலும் காம்போசிட் விஷயத்தில் கலா சொல்வதை மறுக்க எனக்கு ஆதாரம் இல்லை. நான் அதிகம் பார்த்தது உலோகப் பிளேடு. சரி, அதில்கூட எழுதி வைப்பதில் நஷ்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆலை ஃபிட்டர்

இந்த இடத்தில் ஆலைக்காரன் ஒன்று சொல்கிறேன். எங்களிடமும் மேலாளர் முகத்தைப் பார்த்துத்தான் பையன்கள் பேசுவார்கள். பயிற்சியில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளை "போஸ், கொஞ்சம் பட்டுடுச்சு" என்று சொல்வது சுலபம் இல்லை. அப்பா காலத்தில் மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், முன்னால் தலை நிமிரப் பழகாத வீடு நம்முடையது. எப்படிச் சொல்வது என்றும் சொல்லிக் கொடுங்கள்.

சுபாங் வேலு

நல்ல கேள்வி அண்ணே. தம்பி, விளக்கம் சொல்லாதே, யார் தப்பு என்று சொல்லாதே. எந்தப் பிளேடு, எந்த இடம், எதில் பட்டது. அவ்வளவுதான். "போஸ், பிளேடு மேரா கேனா ஸ்டாண்ட், ஹூஜோங்." (சிவப்புப் பிளேடு ஸ்டாண்டில் பட்டது, நுனியில்.) பட்ட இடத்துக்குப் பக்கத்தில், மேனுவல் அனுமதிக்கும் மார்க்கரோ டேப்போ வைத்து உடனே அடையாளம் போடு. பத்து நிமிஷம் கழித்து எந்த இடம் என்று உனக்கே தெரியாது. பென்சில் வேண்டாம், உலோகத்தில் கிராஃபைட் அரிப்பை உண்டாக்கும். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் தர மேலாளரிடம் போ. பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு பராமரிப்பு நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், சம்பவத்தை எழுதிக் கொடுக்க ஒரு படிவமும் இருக்கும்.

லயத்துப்பையன்

வேலை முடிந்தது. எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

கதவை மூடி, விசிறியை நிறுத்தி, வழியை நடந்து பார்த்தோம். நான்தான் கேட்டேன், சீனியர் உடனே சரி என்றார். எனக்கு நுனிப்பக்கம் கொடுத்தார்கள். மஞ்சள் பிளேடின் இரண்டாவது ஊசி வரவில்லை. ஒருவர் சுத்தியல் எடுக்கப் போனார். சீனியர் என்னைப் பார்த்து "நுனியைக் கொஞ்சம் ஏத்து, இன்னும் கொஞ்சம், தாஹான்" என்றார். ஊசி விரலோடு வந்துவிட்டது. வேலு அண்ணன் எழுதியது அந்த நிமிஷத்தில் புரிந்தது.

நீலப் பிளேடை ஸ்டாண்டில் வைத்த பிறகு பக்கத்து ஸ்டாண்டின் சக்கரம் பூட்டப்படாமல் உருண்டு வந்து, அதன் கை பின் விளிம்பில் பட்டது. கையில் ஃபோம் சுற்றியிருந்தது. சத்தமே இல்லை. "போஸ், பிளேடு பீரு கேனா ஸ்டாண்ட், பெலாகாங்" (நீலப் பிளேடு, பின்பக்கம்) என்றேன். எஞ்சினியர் வந்தார், முகம் சுளிக்கவில்லை. டேப் ஒட்டி, மேனுவலில் பகுதி பார்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, அட்டையில் எழுதினார். அளவுக்குள் என்று வந்தது. பிறகு எல்லா ஸ்டாண்டின் சக்கரத்தையும் பூட்டச் சொன்னார்.

அடுத்து திரும்ப மாட்டும் வேலை. அதற்கு வேறு என்ன பார்க்கணும்?

சுபாங் வேலு

சபாஷ் தம்பி.

மாட்டும்போது நிறத்துக்கு நிறம் சேர்கிறதா என்று இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஊசியின் பூட்டு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்க்காதே, விரலாலும் தொட்டுப் பார். டார்க், அதாவது முடுக்கும் விசை, சொன்ன அளவு, சொன்ன வரிசை. டார்க் ரெஞ்சின் அளவீட்டுத் தேதி தாண்டியிருந்தால் அதைத் தொடாதே. முடித்த பிறகு டூல்களை எண்ணு, ரோட்டர் ஹெட்டில் மறந்த ஒரு ஸ்பேனர் எஞ்சின் ஓடியதும் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது எதையாவது பிரித்திருந்தால் இரண்டாவது ஆள் தனியாகச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நூரி ஓய்வு

பிறகு டிராக் பேலன்ஸ், அதாவது பிளேடுகள் ஒரே தளத்தில் சமனாகச் சுற்றுகின்றனவா என்று பார்க்கத் தரையில் ஓட்டுவார்கள். எல்லாரும் மேலே ரோட்டரையே பார்ப்பார்கள், வால் ரோட்டரை மறந்துவிடுவார்கள். சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது. வால் பக்கம் போகவே போகாதே. கிட்டப் போக வேண்டியிருந்தால் பைலட் கண்ணில் படும்படி முன்பக்கத்திலிருந்து, அவர் தலையசைத்த பிறகு, குனிந்து போ. தரை சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வராதே, அங்கே பிளேடுக்கும் தலைக்கும் இடைவெளி குறையும். நீளமான எதையும் தோளில் வைக்காமல் இடுப்புக்குக் கீழே படுக்கையாகப் பிடி. தொப்பியைக் கழற்றிவிடு, பறந்தால் துரத்திக்கொண்டு ஓடத் தோன்றும்.

இன்னொன்று: ரோட்டர் வேகம் எடுக்கும் நேரமும் அடங்கும் நேரமும்தான் மோசம். முழு வேகத்தில் பிளேடு விறைப்பாக நிற்கும், மெதுவாகச் சுற்றும்போது காற்று ஒன்று அடித்தால் நுனி ஆள் உயரத்துக்கு இறங்கும். எஞ்சின் சத்தம் நின்றுவிட்டதே என்று உள்ளே போகாதே. பிளேடு நின்ற பிறகு போ.

ரெங்கம் ரோடு அக்கா

கலா, சனிக்கிழமை டெங்கில் போகலாமா? மகள் கேட்கச் சொல்கிறாள். காலை ரயிலில் வந்துவிடுவோம்.

காம்போசிட் கலா

வாங்க அக்கா. எஸ்பிஎம் முன்தேர்வு மதிப்பெண் தாளைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். அவள் மூடிய ஷூ போட்டு வரட்டும். ஹேங்கர் பக்கம் பார்க்க அனுமதி கிடைத்தால் செருப்போடு உள்ளே விட மாட்டார்கள்.